பள்ளிக்கூடத்து ஆலோசகர் என்னதான் செய்கிறார்?

எங்கள் ஊரில் 'கவுன்சிலர்' என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் வார்டு கவுன்சிலர். சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, 60 கவுன்சிலர். சாக்கடை அடைத்துக்கொண்டால் அவரிடம் போவோம். 'கவுன்சிலிங்' என்ற சொல்லுக்கோ இன்னும் நாலு அர்த்தம். பிளஸ் டூ முடித்த பிள்ளை இன்ஜினீயரிங் சீட்டுக்குப் போவது கவுன்சிலிங். ஆசிரியர்கள் இடமாறுதலுக்குக் காத்திருப்பது கவுன்சிலிங். சண்டை போட்ட கணவன் மனைவியை ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசி அனுப்பினால் அதுவும் 'கவுன்சிலிங் கொடுத்து அனுப்பினார்கள்' என்றே செய்தியில் வருகிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வருகிறது. "உங்க பையன் கவுன்சிலரைப் பார்த்தா நல்லா இருக்கும்." அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பையனுக்குப் புத்தியில் ஏதாவது கோளாறா? பெரிய தப்பு செய்துவிட்டானா? டி.சி. கொடுக்கப் போகிறார்களா? அப்பா வேறு மாதிரி நினைக்கிறார். "நாலு அறிவுரை சொல்லி அனுப்புவாங்க, போயிட்டு வரட்டும்."

இருபது வருடத்துக்கு மேல் சேலத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பாடம் நடத்தியவள் நான். அம்மாவின் பயம், அப்பாவின் நினைப்பு இரண்டையும் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டுமே சரியில்லை. ஆசிரியர் அறையில் எங்களுக்கே அந்த வேலை என்னவென்று வெகுநாள் புரியாமல்தான் இருந்தது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

இழுத்தால் இறுகும் நூல்

அம்மாபேட்டைப் பக்கம் தறி வீடுகளில் நூல் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அவசரப்பட்டு ஒரு பக்கம் இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகும். அனுபவம் உள்ளவர்கள் இழுக்க மாட்டார்கள். சிக்கைத் தளர்த்திப் பிடித்து, நுனி எங்கே இருக்கிறதென்று தேடுவார்கள். நுனி கிடைத்துவிட்டால் மீதி மெல்ல மெல்லப் பிரிந்து வரும்.

அறிவுரை என்பது இழுப்பது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் திடீரென மார்க் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். "உங்கப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாரு, நீ இப்படிப் பண்ணலாமா?" என்கிறோம். இது அவனுக்குத் தெரியாத விஷயமா? அப்பா கஷ்டப்படுவது நம்மைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். குற்ற உணர்ச்சி கூடுகிறது, வாய் மூடிக்கொள்கிறது.

ஆலோசகர் நுனியைத் தேடுவார். எப்போதிலிருந்து இப்படி? எந்த பீரியடில் மனசு ஓடுகிறது? வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? இப்படிக் கேட்டுக்கொண்டே போகும்போது அவன் கடைசி பெஞ்சுக்கு மாறிய மாதத்திலிருந்துதான் மார்க் இறங்கியது என்று தெரியவரலாம். கண் பரிசோதனை செய்தால் கண்ணாடி தேவைப்படும். அல்லது ஸ்கூலுக்கு வரும் பஸ்ஸில் பெரிய பையன்கள் தினமும் அவன் காசைப் பிடுங்குவது தெரியவரலாம். இரண்டுக்கும் அறிவுரையால் ஒரு பலனும் இல்லை.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவர் தன் சிக்கலைத் தானே யோசித்து வழி காணும்படி, பயிற்சி பெற்ற இன்னொருவர் கூட இருந்து உதவுவதுதான் ஆலோசனை. தமிழில் 'ஆலோசித்துச் சொல்கிறேன்' என்றால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்றுதானே பொருள்? அந்தப் பொருளில்தான் இந்த வேலையும் நடக்கிறது. யோசிப்பது பிள்ளை. அதற்கு நேரமும் இடமும் தைரியமும் கொடுப்பவர் ஆலோசகர்.

இன்னொரு சொல், ஒத்துணர்வு. பிள்ளை நிற்கும் இடத்தில் நின்று அதன் கண்ணால் பார்ப்பது. 'அய்யோ பாவம்' என்பது வேறு. அது மேலே நின்று இறங்கிப் பார்ப்பது. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எடைபோடாமல் கேட்கும் ஒருவர் முன்னால்தான் மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ளத் துணிகிறான் என்பது அவர் கருத்து.

இதுவரை பார்த்தது: ஆலோசகரின் முதல் வேலை கேட்பது. சொல்வது அதற்கு அப்புறம்தான், அதுவும் கொஞ்சமாக.

பயந்த மனசில் பாடம் ஏறாதது ஏன்?

"சும்மா பேசிட்டு இருந்தா மார்க் ஏறிடுமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. பதில் சொல்லப் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போவோம்.

டீ மாஸ்டர் ஒரு கையில் நாலைந்து கிளாஸ் பிடிப்பார். அதற்கு மேல் கையில் இடமில்லை. நம் மூளைக்கும் அப்படி ஒரு கை உண்டு. படிக்கும்போதும் கணக்குப் போடும்போதும் அந்த நேரத்துக்குத் தேவையான விஷயங்களைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன இடம் அது. அதைச் செயல்படு நினைவு என்பார்கள். கணக்கில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது முந்தைய வரியின் எண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

பயமும் கவலையும் அந்தக் கையில் ஏறிக்கொள்ளும் கிளாஸ்கள். நேற்று ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தார். இன்றும் அடிப்பாரோ? அது ஒரு கிளாஸ். சாயங்காலம் பஸ்ஸில் அந்தப் பையன்கள் இருப்பார்களோ? அது இன்னொன்று. மீதி இடத்தில்தான் அல்ஜீப்ராவைப் பிடித்தாக வேண்டும். கீழே விழுவது அல்ஜீப்ராதான். பார்ப்பவர்களுக்கு அது 'கவனமில்லை', 'சோம்பேறி' என்று தெரிகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? மூளையின் ஆழத்தில் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று பட்டால் மணியடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மணி அடித்தால் இதயம் படபடக்கும், உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் யோசிக்கும் பகுதி பின்னுக்குப் போகும். பாம்பைக் கண்டால் இது உயிரைக் காப்பாற்றும். கேள்வித்தாளைக் கண்டும் இதே மணி அடித்தால், படித்ததெல்லாம் மறந்துவிடும்.

மனசில் உள்ளதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, 'இது பயம்', 'இது கோபம்' என்று பெயர் வைக்கும்போது அந்த மணியின் சத்தம் ஓரளவு குறைகிறது. மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வுகளிலும் இது தெரிந்திருக்கிறது. 'சும்மா பேசிட்டு இருப்பது' என்று நாம் நினைக்கும் நேரத்தில் நடப்பது இதுதான். மார்க்கை ஆலோசகர் ஏற்றுவதில்லை. கையில் கிளாஸ் பிடிக்க இடம் உண்டாக்குகிறார். அந்த இடத்தில் பாடம் ஏறுவது பிள்ளையும் ஆசிரியரும் சேர்ந்து செய்யும் வேலை.

திங்கட்கிழமை வயிற்றுவலி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆசிரியர்களான நாங்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வயிற்றுவலி. "வலிக்குதும்மா, நெசமா வலிக்குது." லீவு போட்டதும் பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடுகிறது. 'நடிக்கிறாள்' என்கிறது வீடு. இல்லை. பயம் வந்தால் குடலும் இரைப்பையும் இறுகும், வலி உண்மையானது.

பயமாக இருக்கும் இடத்துக்குப் போகாமல் இருந்தால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி மனசுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறது: 'போகாமல் இருந்ததால்தான் தப்பித்தாய்.' அடுத்த வாரம் பயம் கொஞ்சம் பெரிதாகிறது. ஒரு நாள் லீவு மூன்று நாளாகிறது. போகாத நாட்களின் பாடம் சேர்ந்து, போனால் திட்டுவார்களே என்ற புதுப் பயமும் சேர்கிறது. இதைத் தவிர்ப்புச் சுழல் என்று சொல்லலாம். பள்ளியை விட்டே நின்றுபோகும் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான், யாருக்கும் தெரியாமல், ஒவ்வொரு திங்கட்கிழமையாக நழுவிப் போகிறார்கள்.

இந்தச் சுழலை உடைக்கும் முறையைப் புரிந்துகொள்ள ஏற்காடு ரோடு போதும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த மலையில் நேராக ஒரு ரோடு போட்டிருந்தால் எந்த பஸ்ஸும் ஏறியிருக்காது. 20 கொண்டை ஊசி வளைவுகளாகப் பிரித்ததால்தான் தினமும் பஸ் ஏறி இறங்குகிறது. மலையின் உயரம் ஒரு அடிகூடக் குறையவில்லை, ஏற்றம்தான் பிரிந்திருக்கிறது.

ஆலோசகர் செய்வதும் அதுதான். இதற்குப் படிப்படியாக எதிர்கொள்ளுதல் என்று பெயர். முதல் நாள் அம்மாவோடு வந்து பள்ளி வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அடுத்த நாள் நூலகத்தில் ஒரு மணி நேரம். அப்புறம் பிடித்த தமிழ் பீரியட் மட்டும். அப்புறம் மதியச் சாப்பாடு வரை. ஒவ்வொரு வளைவிலும் பயம் ஏறி, கொஞ்சம் நின்று, தானாக இறங்குவதைப் பிள்ளை தன் உடம்பிலேயே உணர வேண்டும். பயம் தணியும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பழைய பாடமே மறுபடி பதியும். எந்த வளைவில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்வார்கள். இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் தள்ளினால் அது நேராக ஏற்றுவது. பஸ் பின்னால் உருளும்.

ஒரு முக்கியமான விஷயம். இதையெல்லாம் ஆரம்பிக்கும் முன் நல்ல ஆலோசகர் வேறொன்றை உறுதி செய்துகொள்வார். பயத்துக்கு நிஜமான காரணம் பள்ளியில் இருக்கிறதா? யாராவது அடிக்கிறார்களா? கழிவறைக்குக் கதவு இருக்கிறதா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனசு நோகச் செய்வதையும் தடை செய்கிறது. ஆசிரியர் அடிப்பதால் வரும் வயிற்றுவலிக்குப் பிள்ளையைப் பழக்கப்படுத்துவது கொடுமை. அங்கே மாற வேண்டியது பள்ளி. அதைத் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டியவரும் ஆலோசகர்தான்.

சுருக்கமாக: பயம் கற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, தவிர்க்கத் தவிர்க்க வளர்கிறது, ஏற்றத்தைப் பிரித்தால் ஏற முடிகிறது.

அறையில் பேசியது எங்கே போகும்?

பிள்ளைகள் வாய் திறக்காததற்குப் பெரிய காரணம், சொன்னது மதியத்துக்குள் ஆசிரியர் அறைக்கும் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கும் போய்விடும் என்ற பயம். அதனால் ரகசியம் காத்தல் இந்த வேலையின் அஸ்திவாரம். பிள்ளை சொன்னதை அதன் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது, பெற்றோர் கேட்டாலும்.

இதற்கு எல்லை உண்டு. பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, வேறொருவருக்கு ஆபத்து, பிள்ளையை யாரோ துன்புறுத்துவது. இந்த மூன்றிலும் ஆலோசகர் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் அது சட்டக் கடமை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்பது அங்கே செல்லாது.

நல்ல ஆலோசகர் இந்த எல்லையை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவார். "நீ சொல்றது நமக்குள்ள இருக்கும் கண்ணு. ஆனா உனக்கு ஆபத்துன்னு பட்டா, உன்கிட்ட சொல்லிட்டு, உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்." கடைசியில் திடீரென்று உடைக்கப்படும் ரகசியத்தைவிட, முதலிலேயே எல்லை தெரிந்த ரகசியத்தைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

பாதி வேலை அறைக்கு வெளியே

மனசு, பயம் என்றே பேசிக்கொண்டிருந்தால் பாதிப் படம்தான் தெரியும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் நூறு வருடத்துக்கு மேலான உறைவிடப் பள்ளிகள் உண்டு. எங்கிருந்தெல்லாமோ வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், முதல் சில வாரங்கள் பனியும் தனிமையுமாகத் தலையணைக்குள் அழுவார்கள். அதே மலையில், எஸ்டேட்களுக்கு அந்தப் பக்கக் கிராமங்களில், மலையாளி என்ற பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் (கேரளத்து மலையாளிகள் வேறு) இருக்கிறார்கள். பலர் வீட்டில் பள்ளிக்குப் போகும் முதல் தலைமுறை. கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கும் சமயம் அம்மா அப்பா விடியற்காலையிலேயே போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அக்கா லீவு போடுகிறாள்.

முதல் பிள்ளைக்குத் தேவை, வீட்டு ஏக்கத்தைச் சொல்லி அழ ஒரு இடம். இரண்டாவது பிள்ளையிடம் 'உன் பிரச்சினை என்னம்மா' என்று மணிக்கணக்கில் கேட்டுப் பயனில்லை. அவள் தம்பிக்கு அங்கன்வாடியில் இடம் வேண்டும். இன்னொரு பையன் பத்தாவதுக்கு மேல் விருப்பமில்லை என்கிறான். துருவிக் கேட்டால் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் இல்லை, உதவித்தொகை கிடைக்காது, அதனால் வீட்டிலேயே பேச்சை விட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது. அந்தச் சான்றிதழைக் கொடுப்பவர் கோட்டாட்சியர். ஆலோசகர் தலைமை ஆசிரியரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பிடித்து அந்த மனுவை நகர்த்தினால், 'விருப்பமில்லை' என்றவனுக்கு விருப்பம் வருகிறது. இதுவும் ஆலோசனைப் பணிதான். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கீழே டவுனில் வேறு மாதிரி. லீவில் கொலுசுப் பட்டறைக்குப் போன பையன் கையில் காசு பார்த்ததும் திரும்பி வருவதில்லை. பத்தாவது முடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார்கள். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொன்னால் அதிகாரிகள் வந்து நிறுத்துவார்கள். ஆனால் நிறுத்திய மறுநாள் அந்தப் பெண் எந்த முகத்தோடு வகுப்புக்கு வருவாள்? அந்த மறுநாளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் ஒருவர் வேண்டும்.

எந்த குரூப் எடுப்பது?

இந்தத் துறையே வேலைத் தேடலில்தான் பிறந்தது. 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்ட ஒரு அலுவலகம் தொடங்கினார். அவர் சொன்னது எளிது: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார்.

நம் ஊரில் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறோம். மார்க் இருந்தால் பயாலஜி, இல்லாவிட்டால் காமர்ஸ். பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தான் என்பதற்காக ஒரு குரூப். ஆலோசகர் பிள்ளையின் விருப்பத்தையும் திறமையையும் வீட்டுப் பண நிலையையும் சேர்த்து வைத்துப் பேசுவார். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அதே பள்ளிகளிலிருந்து நீட் எழுதுபவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டலும் உண்டு. 'காசில்லை, நின்னுக்கிறேன்' என்று சொல்லும் பெண்ணுக்கு இதில் ஒரு வரி சரியான நாளில் தெரிந்தால் அவள் பாதையே மாறும்.

ஆலோசகர், உளவியலாளர், மனநல மருத்துவர்

மூன்றையும் ஒன்றாக நினைக்கிறோம். அன்றாடச் சிக்கல்களில் கூட இருப்பவர் பள்ளி ஆலோசகர். சோதனைகள் செய்து கண்டறிந்து, பேச்சுவழிச் சிகிச்சை கொடுப்பவர் மருத்துவ உளவியலாளர். எம்.பி.பி.எஸ். படித்து மேலே மனநலம் படித்த டாக்டர் மனநல மருத்துவர். மருந்து எழுதுபவர் இவர். தன் எல்லை தெரிந்து சரியானவரிடம் அனுப்பி வைப்பது ஆலோசகரின் திறமைகளில் ஒன்று.

உதாரணமாக, புத்திசாலிப் பிள்ளை. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறது, எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வரவில்லை. இது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். கண்டுபிடிக்காவிட்டால் பத்து வருடம் 'மக்கு' என்ற பட்டம் கிடைக்கும்.

எத்தனை பிள்ளைக்கு ஒருவர்?

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியே உள்ள மனநலப் பணியாளர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும்.

ஆள் இருந்தால் மட்டும் போதாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆசிரியர் வராத வகுப்பை அடக்க ஆலோசகரை அனுப்புவார்கள். லேட்டாக வந்தவர்களுக்குத் தண்டனை கொடுக்கும் பொறுப்பும் அவரிடமே. காலையில் முட்டிபோட வைத்தவரிடம் மதியம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்? தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார் என்றால் பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் என்ன படித்திருக்கிறார்? வேறு என்ன வேலை பார்க்கச் சொல்கிறீர்கள்? பிள்ளை தானாகப் போய்ப் பார்க்க முடியுமா, யாராவது அனுப்பினால்தானா?

ஆலோசகரே இல்லாத பள்ளி என்றால், தமிழக பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. மனநலத்துக்கென்று மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

பிள்ளையை அனுப்பும்போது

"உன்னைச் சரி பண்ணப் போறாங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "ஸ்கூல்ல ஒரு மிஸ் இருக்காங்க, எதை வேணா அவங்ககிட்ட பேசலாமாம், போய்ப் பாரு" என்றால் போதும். ஒரே நாளில் மாற்றம் தெரியாது. முதல் இரண்டு மூன்று முறை கேரம் போர்டு ஆடிவிட்டுக்கூட வரலாம். நம்பிக்கை அப்படித்தான் வரும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். வரும் வழியில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே அதுவாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள்.